‘சும்மா மிரட்டறா’ என்று விட்டுவிடாதீர்கள்!

“செத்துடுவேன், செத்துடுவேன்னு இவ சொல்றது இது எத்தனாவது தடவை? சாகறவ சொல்லிட்டா சாவா? எல்லாம் நம்மளை மிரட்டத்தான்!”

பெற்ற தாயே இப்படிச் சொன்னால் கேட்கிறவர்களுக்குக் கோபம் வரும். ஆனால், அந்தத் தாயின் அலுப்பையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். காலையில் ‘நீதாம்மா எனக்கு எல்லாம்’ என்று கட்டிக்கொள்ளும் மகள், சாயங்காலம் ‘உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்’ என்கிறாள். சிநேகிதி போனை எடுக்காவிட்டால்கூட, தன்னைக் கைவிட்டுவிட்டதாகத் துடித்துப் போகிறாள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட தழும்புகள் வேறு!

நாம் இதற்கு ‘திமிர்’, ‘நடிப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறோம். பரிசோதித்துப் பார்க்கும் மனநல டாக்டர் ‘பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர்’ என்று சொல்லக்கூடும். உணர்ச்சிகளுக்கு பிரேக் பிடிக்காத நிலை என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆண்களுக்கும் இது உண்டு.

‘நாலு தடவை சொன்னா, ஒண்ணும் ஆகலையே’ என்று நிம்மதி அடைகிறோமே, அதுதான் பெரிய தப்பு. இந்த நோய் உள்ளவர்களில் 100-க்கு 3 முதல் 10 பேர் வரை தற்கொலையால் இறப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. முன்பு முயற்சி செய்தவருக்கு ஆபத்து அதிகமே தவிர, குறைவு இல்லை. மிரட்டலாக நமக்குத் தெரிவது, அவருக்குத் தாங்க முடியாத வலி.

‘அப்போ இதுக்கு விமோசனமே இல்லையா?’ என்று கேட்பீர்கள். நிச்சயம் உண்டு. அமெரிக்காவில் மார்ஷா லைன்ஹன் என்ற பெண், 1961-ல், தன் 17-வது வயதில் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சாக வேண்டும் என்ற எண்ணத்தோடு இரண்டு வருடங்களுக்கு மேல் அங்கே போராடினார். பிறகு படித்து மனநல நிபுணராகி, இதே நோய்க்கு ‘டி.பி.டி.’ என்ற சிகிச்சையை உருவாக்கினார். தன்னைக் காயப்படுத்திக்கொள்வதை அது குறைக்கிறது என்று 1991-ல் ஆய்வு மூலம் காட்டினார். தன் சொந்தக் கதையை உலகத்துக்குச் சொன்னது 2011-ல்தான்! ஒழுங்கான சிகிச்சை கிடைத்தால், பெரும்பாலானவர்கள் சில வருடங்களில் தேறிவிடுகிறார்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்? ‘சாகணும்னு தோணுதாம்மா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வாதம் பண்ணாமல் காதுகொடுத்துக் கேளுங்கள். மாத்திரைகள், பூச்சி மருந்து எதுவும் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். அந்த நேரத்தில் தனியாக விடாதீர்கள். வேகமாக வரும் அலை வடியவும் செய்யும். அதற்குள் டாக்டரிடம் அழைத்துப் போய்விடலாம். ‘டெலி மானஸ்’ இலவச போன் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

பத்தாவது தடவை சொன்னாலும், முதல் தடவை கேட்பதுபோலக் கேளுங்கள். சொல்கிறாள் என்றால், இன்னும் உங்களை நம்புகிறாள் என்று அர்த்தம்!