போடாத வாக்கு

ஹாஸ்யத்தையே தொழிலாகக் கொண்ட ஒரு தொலைக்காட்சித் தொடர், அபூர்வமாக ஒருநாள் சிரிப்பைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு சிறுமியின் துக்கத்தைச் சொல்லத் துணியுமானால், பெரும்பாலும் அது கண்ணீரில் வழுக்கி விழுந்து, பார்ப்பவரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். அப்படி விழாமல் நின்ற சிலவற்றுள் முதன்மையானதாக நான் கருதுவது, 1991-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் தேதி அமெரிக்காவில் ஃபாக்ஸ் நிறுவனத்தார் ஒளிபரப்பிய, ‘தி சிம்ப்ஸன்ஸ்’ தொடரின் ‘லிஸாஸ் சப்ஸ்டிட்யூட்’ என்னும் அத்தியாயம். ஜான் விட்டி எழுதி, ரிச் மூர் இயக்கிய அந்த அத்தியாயத்தை இந்த வாரம் மறுபடியும் பார்த்தேன்.

சிம்ப்ஸன் குடும்பத்தை அறியாத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. மாட் கிரேனிங் என்ற சித்திரக்காரர், தம்முடைய தகப்பனார், தாயார், சகோதரிகள் ஆகியோரின் பெயர்களையே தம் பாத்திரங்களுக்குச் சூட்டி, 1987-இல் ட்ரேஸி உல்மனின் நிகழ்ச்சிக்கு நடுவே சிறு துணுக்குகளாக அவர்களை உலவவிட்டார். 1989 டிசம்பரில் அவர்கள் தனித் தொடராகக் குடியேறினார்கள். மஞ்சள் நிற முகம், கைக்கு நான்கு விரல், வெள்ளை வட்டத்துக்குள் ஒரு கரும்புள்ளியே கண். அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் ஹோமர், மனைவி மார்ஜ், குறும்பே உருவான மூத்த பிள்ளை பார்ட், எட்டு வயதிலேயே உலகத்தின் பாரத்தையெல்லாம் சிந்தித்து சாக்ஸஃபோனில் வாசித்துத் தீர்க்கும் லிஸா, வாயில் ரப்பர்க் காம்புடன் தவழும் கைக்குழந்தை மாகி. இவ்வளவே குடும்பம்.

லிஸாவின் வகுப்பு ஆசிரியை நோயென்று விடுப்பில் போக, அந்த இடத்துக்குத் தற்காலிகமாக வந்து சேர்கிறார் பெர்க்ஸ்ட்ரம். அவருக்குக் குரல் கொடுத்தவர் டஸ்டின் ஹாஃப்மன். ஆனால் பெயர்ப் பட்டியலில் ‘சாம் எட்டிக்’ என்ற புனைபெயர்தான் காணப்படும். 1967-இல் ‘தி கிராஜுவேட்’ படத்தில், தன்னை மயக்கப் பார்க்கும் மாதொருத்தியின் முன்னே தடுமாறி நின்ற அந்த நடிகரையே, இங்கே இன்னொரு வகுப்பின் ஆசிரியை மயக்கப் பார்ப்பதாகக் காட்டி, எழுதியவர் தமக்குள்ளேயே ஒருமுறை சிரித்துக்கொள்கிறார். அது போகட்டும். பெர்க்ஸ்ட்ரம் வகுப்புக்குள் நுழைவதே ஒரு விசித்திரம்: 1830-ஆம் வருஷத்து மாடுமேய்க்கும் வீரனைப்போல வேஷமிட்டு, துப்பாக்கியை வெடித்துக்கொண்டு வந்து நின்று, தம் வேஷத்தில் என்னென்ன பிழை என்று கண்டுபிடிக்கச் சொல்கிறார். டெக்ஸாஸ் மாகாணமாகச் சேர்ந்தது 1845-இல்தானே, அப்படியிருக்க இடுப்பு வார்ப்பூட்டில் டெக்ஸாஸ் மாகாணம் என்று பொறித்திருப்பது எப்படி, சுழல்துப்பாக்கி 1835-க்கு முன் ஏது என்றெல்லாம் லிஸா அடுக்குகிறாள்; அவர் யூதராகத் தெரிகிறாரே என்பதையும் விடாமல் சேர்க்கிறாள். ஒரு குழந்தையின் அறிவு ஒருவரைச் சங்கடப்படுத்தாமல் சந்தோஷப்படுத்துவதை லிஸா முதன்முதலாகக் காண்கிற கணம் அது. பிறகு ஈ. பி. வைட்டின் ‘சார்லட்ஸ் வெப்’ கதையைப் படித்துக் காட்டுகையில், அந்தச் சிலந்தியின் முடிவுக்காக வகுப்பின் முன்னிலையில் வெட்கமின்றி அழுகிறார் அந்த உபாத்தியாயர். லிஸாவின் பக்தி அத்துடன் பூரணமாகிவிடுகிறது.

இந்தக் கதையின் நெஞ்சு எது என்று என்னைக் கேட்டால், பலரும் கொண்டாடும் ரயில் நிலையத்தை விட்டுவிட்டு, அருங்காட்சியகத்தையே சுட்டுவேன். மார்ஜின் வற்புறுத்தலால் மகளை அங்கே அழைத்துவரும் ஹோமர், கட்டணம் கட்டாயமில்லை, அவரவர் விருப்பம் என்று வாயிலில் அமர்ந்திருக்கும் பெண்மணி சொன்னதும், இப்படியும் ஓர் அசட்டு ஏற்பாடு உண்டா என்று அவளைப் பார்த்துச் சிரித்து, காலணாவும் கொடாமல் உள்ளே நடக்கிறான். உள்ளே பெர்க்ஸ்ட்ரம் தற்செயலாக எதிர்ப்படுகிறார். எகிப்தியப் பிரேதத்தின் முன்னே நின்றுகொண்டு ஹோமர் தெரிவிக்கும் அபிப்பிராயம் ஒன்றே ஒன்றுதான்: தன்னைத் துரத்துவது ஓநாய் மனிதனாக இருப்பதைவிட இதுவாக இருப்பதே மேல். தன் தெய்வத்தின் எதிரே தன் தகப்பன் இவ்விதம் வாய் திறந்ததைக் கேட்டு லிஸா குறுகிப்போகிறாள். எழுதியவரின் நுட்பம் என்னவென்றால், ஹோமர் இங்கே கொடியவனல்லன், கோபக்காரனுமல்லன். மகளோடு வந்திருக்கிறான், உற்சாகமாகவும் இருக்கிறான். அவள் அங்கே இருப்பதை மட்டும் கவனிக்கவில்லை. பெர்க்ஸ்ட்ரம் அவனைத் தனியே அழைத்து, அந்தப் பெண்ணுக்குத் தகப்பனின் துணை தேவைப்படுகிறதென்று நயமாகச் சொல்லிப் பார்க்கிறார். சொன்னது காதில் விழுகிறது, அவ்வளவுதான்.

விடுப்பில் போன ஆசிரியை திரும்பி வந்துவிட, பெர்க்ஸ்ட்ரமின் வீட்டுக்கு ஓடி, அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு ஓடி, லிஸா அவரைப் பிடிக்கிறாள். தலைநகரத்து ஏழைப் பிள்ளைகளுக்குத் தாம் இன்னும் தேவைப்படுவதாக அவர் சொல்கிறார். நடுத்தர வர்க்கத்தில் பிறந்தவர்களின் கஷ்டமே அதுதான், உண்மையில் அக்கறை உள்ளவன் எவனும் அவர்களை விட்டுவிட்டு அதிகம் தேவைப்படுவோரிடம் போய்விடுவான் என்கிறார். யாருமில்லை என்று தோன்றும்போது இதைப் படி என்று ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டு வண்டியேறுகிறார். அதில் எழுதியிருப்பது, நீ லிஸா சிம்ப்ஸன் என்பது மட்டுமே. மேன்மையான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனாலும் வண்டியேறிப் போகிறவருக்கு மேன்மை சுலபம் என்ற ஓர் எண்ணம் இம்முறை என்னை விடவில்லை. ஒரு வாக்கியத்தைக் கொடுத்துவிட்டு அவர் புறப்படலாம். மறுநாள் காலை அதே உணவு மேஜையில் அவள் எதிரே உட்கார வேண்டியவன் ஹோமர்.

இந்தச் சோகத்துக்கு இணையாக இன்னொரு கதை அதே அத்தியாயத்தில் ஓடுகிறது. அதைச் சிரிப்பூட்டச் சேர்த்த ஒட்டு என்றே பலர் நினைக்கிறார்கள். பார்ட்டின் வகுப்பில் தலைவர் தேர்தல். எதிர்த்து நிற்பவன் படிப்பாளியான மார்ட்டின் பிரின்ஸ். பார்ட் விகடம் பேசி வகுப்பு முழுவதையும் தன் பக்கம் இழுத்துவிடுகிறான். வெற்றி நிச்சயம் என்று வாக்குப்பதிவுக்கு முன்னாலேயே கொண்டாட்டம் தொடங்கிவிடுகிறது. எண்ணிப் பார்த்தால் மார்ட்டினுக்கு இரண்டு வாக்கு, பார்ட்டுக்கு ஒன்றுமில்லை! அவனை விரும்பிய அத்தனை பேரும் வாக்களிக்க மறந்துவிட்டார்கள். அவனுமே தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. சிம்ப்ஸன் வென்றான் என்று அவசரப்பட்டு அச்சிட்ட தாளைத் தூக்கிப் பிடித்து மார்ட்டின் புன்னகைக்கிறான். 1948-இல் அதிபர் ட்ரூமன் தோற்றார் என்று அச்சிட்ட ‘சிகாகோ டெய்லி ட்ரிப்யூன்’ ஏட்டை, வென்ற ட்ரூமனே தூக்கிக் காட்டிய புகைப்படத்தின் பரிகாசம் அது.

இந்த இரண்டு கதைகளும் ஒன்றே என்பது என் கட்சி. ஹோமருக்கு மகளின்மீது பிரியம் இல்லையென்று அந்தத் தொடரைப் பார்க்கும் எவனும் சொல்லத் துணியமாட்டான்; உண்டு, ஏராளமாக உண்டு; ஆனால் அது உள்ளதென்ற நிச்சயத்திலேயே அவன் திருப்தியடைந்து, அதைப் போய்ப் பெட்டியில் போட மறந்தவனாக இருக்கிறான். அந்தப் பக்கம் பெர்க்ஸ்ட்ரமோ, சில நாள் மட்டுமே இருந்துவிட்டுப் போகிறவர், தவறாமல் வந்து வாக்களித்தவர். பிரியத்தின் அளவை வைத்து எண்ணினால் ஹோமர் வென்றிருக்க வேண்டும்; ஆனால் எண்ணுவதென்னவோ பெட்டிக்குள் விழுந்த சீட்டுகளைத்தானே.

அதனால்தான் வீட்டில் அந்த வெடிப்பு நேர்கிறது. தன் துக்கம் புரியவில்லையா என்று லிஸா கேட்க, அக்கறை இல்லை என்பதற்காகப் புரியவில்லை என்று அர்த்தமாகாது என்று ஹோமர் தர்க்கம் பேச, அவனைப் பபூன் குரங்கு என்று அவள் ஓலமிடுகிறாள். என்றாவது ஒருநாள் யாராவது சொல்லத்தான் போகிறார்கள், ஆனால் சொன்னது இவளா என்று பார்ட் வியக்கிறான். ஹோமரின் மனம் புண்படுகிறது. இப்போது மனம் புண்படுவதற்கு உனக்கு உரிமையில்லை, மாடிக்குப் போ என்கிறாள் மார்ஜ். மனைவிமார் பேசிய வசனங்களில் இதைவிட நியாயமானது அதிகமில்லை.

மாடியில் லிஸாவிடம் ஹோமர் சொல்வது ஞானமன்று. தனக்கு முக்கியமானவர்கள் எல்லாரும் இந்தக் கூரையின் கீழேதான் இருக்கிறார்கள், ஆகையால் இழப்பு என்னவென்று தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறான். அவளுக்கு விசேஷமான மனிதர்கள் நிறைய வருவார்கள். அவர்களெல்லாம் கூடுகிற இடம் எங்கோ இருக்கும், சாப்பாடும் நன்றாக இருக்கும், தன்னைப்போன்றவர்கள் அங்கே பானம் பரிமாறிக்கொண்டிருப்பார்கள் என்கிறான். தன் மகள் தன்னைவிட்டு எவ்வளவு தூரம் போகப்போகிறாள் என்பதைத் தெளிவாகக் கண்டு, அந்தப் பந்தியில் தனக்கு ஒரு பரிமாறுகிறவனின் வேலையை மட்டும் ஒதுக்கிக்கொண்டு, அதிலும் சுயபச்சாத்தாபம் கலக்காமல் அவன் சொல்வதைக் கேட்ட பிறகு, பெர்க்ஸ்ட்ரமின் காகிதம் எனக்குச் சற்று இலக்கியத்தனமாகவே பட்டது. பிறகு அவளுடைய பொம்மை வீட்டின் உடைசலைச் சரிசெய்ய உட்கார்ந்து, குரங்கு வேலை மட்டும் தனக்கு வரும் என்று சொறிந்து காட்டுகிறான். அவள் சிரித்துவிடுகிறாள்.

வாக்களித்தாயிற்று என்று கதையை அங்கேயே முடித்திருக்கலாம். எழுதியவர் அதற்கு உடன்படவில்லை. ஹோமர் அதே உற்சாகத்தில் பார்ட்டின் அறைக்குப் போய், பதவி வந்திருந்தால் வேலை அதிகம், கூலி மட்டும் கிடையாது என்று தேற்றி, அதிலும் ஜயித்து, கீழே வந்து, தன் வாழ்க்கையிலேயே இதைப்போல அதிர்ஷ்டம் அடித்ததில்லை, ஆகவே ஒன்றும் பேசாமல் தூங்கப் போய்விடுவோம் என்று மார்ஜிடம் சொல்கிறான். ஞானோதயம் என்று ஒன்று தனக்கு ஏற்பட்டதாக அவன் நினைக்கவே இல்லை. சூதாட்டத்தில் கை ஓங்கிய நேரமாகத்தான் அதை எடுத்துக்கொள்கிறான். அவன் நினைத்தது சரியே. அடுத்த வியாழக்கிழமை, மே 2-ஆம் தேதி, ஒளிபரப்பான அடுத்த அத்தியாயத்திலேயே வீட்டு விருந்தில் குடித்துவிட்டு மானத்தை வாங்கினான். மணவாழ்க்கையைச் சீர்செய்யும் முகாமுக்கு ஓர் ஏரிக்கரைக்கு மார்ஜ் அழைத்துப் போனபோது, அவன் புத்தியெல்லாம் அந்த ஏரியிலிருந்த பெரிய கெளுத்தி மீனின்மேலேயே இருந்தது.