ஓரி விட்ட ஒரே அம்பு

போன சனிக்கிழமை ஆபீஸ் நண்பர்களோடு கொல்லிமலைக்குப் போயிருந்தேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். நாற்பதாவது வளைவில் காலையில் சாப்பிட்ட பொங்கல் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டது. ஒருவழியாகச் செம்மேட்டில் இறங்கி, வல்வில் ஓரி சிலைப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. மேனேஜர்.

"யோவ், நம்ம ப்ரோக்ராம்ல ரீட்லைன் லைப்ரரியைச் சேர்த்தது நீதானே?"

"ஆமா சார். சும்மா கிடைச்சுது..."

"சும்மாதான்! கஸ்டமர் அதைத் தன் மெஷின்ல வச்சு விக்கப்போறார். ரீட்லைன் இருந்தா மொத்த ஸோர்ஸ் கோடையும் வாங்கறவங்களுக்குத் தரணுமாம். அவர் வக்கீல் குதிக்கிறார். திங்கக்கிழமை டெலிவரி!" டக்.

பக்கத்தில் நின்ற ஜூனியர் பையன், "ஃப்ரீன்னா ஃப்ரீதானே சார்?" என்றான். மூன்று வருஷம் முன்பு நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சும்மா கிடைப்பதில் பல ரகம் உண்டு. எம்ஐடி, பிஎஸ்டி லைசென்ஸ்கள் பாரி மாதிரி. தேரையே எடுத்துக்கொள்ளலாம். எழுதியவர் பெயரையும் காப்பிரைட் வரியையும் அழிக்கக் கூடாது, அவ்வளவுதான். எல்ஜிபிஎல் கொஞ்சம் கறார். லைப்ரரியைத் தனியாக லிங்க் செய்யலாம். வாங்கியவர் அதை மட்டும் கழற்றி வேறு மாட்ட வழி விடவேண்டும். ஜிபிஎல் அப்படியில்லை. 'வீட்டுக்குள் எப்படி வேண்டுமானாலும் சமைத்துக்கொள். வெளியே பரிமாறினால் மொத்தச் சமையல் குறிப்பையும் கொடு' என்கிறது. ரீட்லைன் ஜிபிஎல்.

ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய் நின்றதாகப் புறநானூறு சொல்கிறது. ஜிபிஎல்லும் அப்படித்தான். லிங்க் செய்து வரிசையில் நின்றால் தப்ப முடியாது. 1992-ல் ப்ரூனோ ஹைப்ளே இதே ரீட்லைனைத் தன் ஸிலிஸ்ப்போடு சேர்த்தார். ரிச்சர்ட் ஸ்டால்மனோடு கடிதப் போக்குவரத்து. முடிவில் ஸிலிஸ்ப்பே ஜிபிஎல்லுக்கு மாறியது.

இரண்டு நல்லவர்களுக்குள்கூட ஜாதகம் பொருந்தாமல் போகும். 1991-ல் வந்த ஜிபிஎல் 2-ம், 2004-ல் வந்த அப்பாச்சி 2.0-வும் ஒரே ப்ரோக்ராமில் குடித்தனம் நடத்த முடியாது. பேட்டன்ட் நிபந்தனையில் தகராறு. 2007-ல் ஜிபிஎல் 3 வந்த பிறகுதான் சம்பந்தம் கூடியது.

நண்பர்கள் ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கி ஆகாய கங்கையில் குளித்தார்கள். நான் லாட்ஜ் அறையில் லாப்டாப்போடு வியர்வையில் குளித்தேன். ரீட்லைனை எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் பிஎஸ்டி ரகமான லிப்எடிட்டை மாட்டினேன். மேல் அம்புக்குறிச் சாவி வேலை செய்ய ராத்திரி இரண்டு மணி ஆயிற்று. மற்ற லைப்ரரிகளின் லைசென்ஸ்களையும் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்தேன்.

ஞாயிறு காலை ஜூனியர், "ஓரியும் வள்ளல்தானே சார்?" என்றான்.

"வள்ளல்தாம்ப்பா. பேர்லயே வில்லும் இருக்கு, பாத்தியா?"