ஒரு மீட்டர் ஆழமும் நான்கு மாத மழையும்

மின் ஸ்கூட்டர் விற்பனைக் கூடங்களில் ஓர் எண் மந்திரம்போல் உச்சரிக்கப்படுகிறது: ஐ.பி. 67. ‘மழையைப் பற்றிக் கவலையே வேண்டாம்’ என்கிறார் விற்பனையாளர். அதே வண்டியை நீர் புகுந்த நிலையில் பழுதுபார்க்கக் கொண்டுசென்றால், உத்தரவாதப் பத்திரத்தின் விலக்குப் பட்டியலில் ஒரு வரி சுட்டிக்காட்டப்படுகிறது: வெள்ளத்தாலோ நீரில் மூழ்கியதாலோ நேர்ந்த சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பாகாது. விற்கும்போது அது நீர் புகாத வண்டி; பழுதாகும்போது நீரில் இறக்கியது வாங்கியவர் குற்றம். இந்த இரட்டை நாக்கை நாம் ஏன் இவ்வளவு எளிதாக ஏற்றுக்கொண்டோம் என்பதே என் கேள்வி.

அந்த எண் உண்மையில் சொல்வது என்ன? ஐ.இ.சி. 60529 என்ற பன்னாட்டுத் தரநிலையை இந்தியாவும் ஏற்றுள்ளது. முதல் இலக்கமான 6, தூசு உட்புகாது என்பதைக் குறிக்கும். இரண்டாம் இலக்கமான 7, ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கியிருந்தாலும் தீங்கு விளைக்கும் அளவுக்கு நீர் புகாது என்பதைக் குறிக்கும். சோதனை நடப்பது அசைவற்ற நன்னீரில். பீய்ச்சியடிக்கும் நீருக்கு 5, 6 என வேறு இலக்கங்கள் உள்ளன. 7 பெற்ற பொருள் அவற்றிலும் தானாகவே தேறியதாகப் பொருளில்லை; தேறியிருந்தால் அதையும் தனியே குறிப்பிட வேண்டும். ஆகவே, ஐ.பி. 67 பெற்ற மின்கலத் தொகுப்பை வாட்டர் சர்வீஸ் கடையின் உயரழுத்தக் குழாய்க்கு முன் நிறுத்துவதற்கு அந்த எண்ணில் எந்த உரிமமும் இல்லை.

அந்த எண் யாருக்கு உரியது என்பதையும் கேட்க வேண்டும். பெரும்பாலும் அது மின்கலத் தொகுப்புக்கோ மோட்டாருக்கோ வழங்கப்பட்டது. முழு வண்டிக்கு அன்று. இணைப்பிகள், சுவிட்சுகள், சார்ஜர் ஆகியவற்றின் தகுதி வேறாக இருக்கலாம். மேலும், சோதிக்கப்படுவது புதிய மாதிரி. மூன்றாண்டு வெயிலில் இறுகி, பள்ளங்களில் குலுங்கித் தளர்ந்த ரப்பர் கேஸ்கட்டைப் பற்றி அந்தச் சான்றிதழ் பேசுவதில்லை. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய மோட்டார் திடீரெனக் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது, உள்ளழுத்தம் குறைகிறது, களைத்துப்போன கேஸ்கட்டின் விளிம்பு வழியே நீர் உறிஞ்சப்படுகிறது. சோதனைத் தொட்டியில் நீரின் வெப்பநிலையும் பொருளின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றாகவே வைக்கப்படுகின்றன. சாலையில் அப்படி வைப்பார் யாருமில்லை.

நான் ஆய்வு செய்யும் மும்பையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் நிலையத்தில் 24 மணி நேரத்தில் பதிவானது 944 மில்லிமீட்டர். பெருமழையும் கடல் ஏற்றமும் ஒரே வேளையில் வந்தால் வடிகால்கள் வெளியேற்ற முடியாமல் திணறும். தாழ்வான பகுதிகளில் தேங்கும் நீரில் சேறும் சாக்கடையும் உப்பும் கலந்திருக்கும். உப்புநீர் நன்னீரைவிடப் பன்மடங்கு எளிதாக மின்சாரத்தைக் கடத்தும். உலோகத்தை விரைந்து அரிக்கும். நன்னீர்த் தொட்டியில் 30 நிமிடம் தாங்கியதை நான்கு மாதப் பருவத்துக்கான வாக்குறுதியாக விற்பதை அறியாமை என்று விட்டுவிட முடியாது. தரநிலையை எழுத்தெண்ணிப் படித்தவர்களே அந்த விளம்பரத்தையும் எழுதுகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு, ‘அதனால்தான் பெட்ரோல் வண்டியே மேல்’ என்று கிளம்புவோருக்கு இப்பதிவு தீனியாகாது. மழையில் மின் வண்டி ஓட்டினால் மின்சாரம் தாக்கும் என்ற அச்சம் பெரும்பாலும் அடிப்படையற்றது. இவ்வண்டிகளின் மின்கலங்கள் பொதுவாக 48 முதல் 72 வோல்ட் வரையிலான நேர்மின்னோட்டம் தருபவை. வண்டியின் சட்டகத்திலிருந்து மின்காப்பால் பிரிக்கப்பட்டவை. தேங்கிய நீரில் பெட்ரோல் வண்டியும் நின்றுபோகும். காற்று உறிஞ்சும் வழியில் நீர் புகுந்தால் எஞ்சினே சிதையும்.

மின் வண்டியின் மெய்யான ஆபத்து மெதுவாக வேலை செய்வது. உள்ளே கசிந்த நீர் மின்கல முனைகளை அரிக்கும். காய்ந்த பின்னும் எஞ்சும் உப்புப் படிவு மின்கசிவுக்கு வழியாகும். நாட்கள் கழித்துக் குறுக்குச் சுற்று நேரலாம். 2022-இல் இயான் புயலின்போது ஃபுளோரிடாவில் கடல்நீரில் மூழ்கிய மின்கார்கள் சில, வெள்ளம் வடிந்த பல நாட்களுக்குப் பின் தீப்பிடித்தன. அவை கார்கள், ஆனால் லித்தியம்-அயனி மின்கலத்தின் வேதியியல் சக்கரங்களை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஓட்டுபவர் அறிய வேண்டியவை சில உண்டு. மின் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையைத் தருவது. ஈரமான வெள்ளைக் கோடுகளிலும் இரும்புத் தகடுகளிலும் ஆக்சிலேட்டரைத் திடீரெனத் திருகினால் பின்சக்கரம் வழுக்கும். கைப்பிடியைத் தளர்த்தியதும் மோட்டாரே வேகத்தைக் குறைக்கும் மீளாக்க பிரேக், பின்சக்கரத்தை மட்டுமே பிடிக்கிறது. வழுக்கும் சாலையில் அதைக் குறைந்த நிலையில் வைப்பது நல்லது. சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் உள்ள வண்டியை அச்சு மூழ்கும் நீரில் இறக்கலாகாது. நனைந்து வந்ததும் சார்ஜ் ஏற்றாமல், இணைப்பியைத் துடைத்து, உலரவிட்டு, பிறகே செருக வேண்டும். கழுவுவதற்கு ஒரு வாளி நீரும் துணியும் போதும். மின்கலம் வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் வண்டியை இயக்கிப் பார்க்கவும் சார்ஜ் ஏற்றிப் பார்க்கவும் கூடாது. அறைக்குள்ளோ மாடிப்படிக்கு அடியிலோ வைக்காமல், திறந்த வெளியில் தனியே நிறுத்திப் பயிற்சி பெற்றவரிடம் காட்ட வேண்டும்.

இவை ஒவ்வொன்றும் சரியான அறிவுரையே. ஆனால், ஒவ்வொன்றும் ஓட்டுபவரிடம் கூரையும் உலர்ந்த சாக்கெட்டும் காத்திருக்க நேரமும் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. உணவு விநியோகிக்கும் தொழிலாளிக்கு இவற்றில் எது உண்டு? அவர்களில் பலர் ஓட்டுபவை வாடகைக்கு எடுத்த குறைவேக வண்டிகள். மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் 250 வாட் திறனுக்கும் உட்பட்ட அத்தகைய வண்டியைச் சட்டம் ‘மோட்டார் வாகனம்’ என்று கொள்வதில்லை. உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம். கட்டாயக் காப்பீடும் இல்லை. இது சலுகைதான், விபத்து நேரும்வரை. மழை வலுத்தால் சில செயலிகள் வாடிக்கையாளரிடம் கூடுதல் கட்டணம் பெறுகின்றன. அந்த நேரத்தில், ‘இணைப்பி உலரும்வரை பொறுங்கள்’ என்று அவரிடம் சொல்வது யாருடைய பொறுப்பை யார் தலையில் ஏற்றுவது?

இனி, கல்வியுலக நண்பர்களே, நம் முற்றத்துக்கு வருவோம். மத்திய மின்சார ஆணையம் 2019-இல் மின்வாகன சார்ஜிங் நிலையங்களுக்கெனப் பாதுகாப்பு விதிகளைச் சேர்த்தது. சாக்கெட் தரைமட்டத்திலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். நீட்டிப்புக் கம்பி பயன்படுத்தலாகாது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வேண்டும். இவ்விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வளாக விடுதிகளைச் சுற்றிப் பார்த்தால் என்ன தெரிகிறது? சன்னல் வழியே இறங்கும் எக்ஸ்டென்ஷன் போர்டுகள். அவற்றின்மேல் கவிழ்த்த பிளாஸ்டிக் பைகள். அறிவிப்புப் பலகையில் ‘அறைகளில் மின்கலம் சார்ஜ் செய்வது தடை’ என்ற சுற்றறிக்கை.

அத்தடை நியாயமானது. உறங்கும் அறையில் மின்கலத்துக்குச் சார்ஜ் ஏற்றுவது ஆபத்தே. ஆனால், மாற்றிடம் தராத தடை சார்ஜிங்கை நிறுத்தியதில்லை; கண்காணிப்புக்கு எட்டாத மூலைக்குத் தள்ளியிருக்கிறது. கருத்தரங்க மேடையில் ‘நிலைத்த வளர்ச்சி’ என்று எழுதிவிட்டு, மேடைக்குப் பின்னால் கூரையிட்ட ஒரு சார்ஜிங் கொட்டகை கட்டாத நிறுவனம் எதை நிலைக்கச் செய்கிறது?

என் கோரிக்கைகள் மூன்று. தயாரிப்பாளர்கள் எந்தப் பாகத்துக்கு எந்த இலக்கம் என்பதை விளம்பரத்திலேயே பிரித்துச் சொல்ல வேண்டும். இயல்பான பருவமழைச் சாலையில் ஓடியதால் வரும் பழுதை உத்தரவாதத்துக்குள் கொண்டுவர வேண்டும். சரியான பயன்பாட்டுக்குப் போதிய அறிவுறுத்தல் தராத தயாரிப்பாளர் தீங்குக்குப் பொறுப்பாவார் என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84ஆம் பிரிவு கூறுகிறது. ஓட்டுபவருக்குத் தெரியாத மொழியில் அச்சிட்ட கையேடு எப்படிப் போதிய அறிவுறுத்தலாகும்? இரண்டாவது, ஒவ்வொரு வளாகமும் உயர்த்திய தளம், கூரை, முறையான எர்த், கசிவுத் துண்டிப்பான் ஆகியவற்றுடன் ஒரு சார்ஜிங் இடத்தையும், நீர் புகுந்த மின்கலங்களை ஒதுக்கி வைக்கத் தனியிடத்தையும் அமைக்க வேண்டும். உணவு கொண்டுவரும் தொழிலாளருக்கும் அது திறந்திருக்க வேண்டும்.

மூன்றாவது கோரிக்கை நமக்கு. புது மின்கலத்தின் திறனைக் கூட்டும் ஆய்வுக்கு ஆர்வமும் நிதியும் குவிகின்றன. ஐந்து பருவமழை கண்ட கேஸ்கட்டும் இணைப்பியும் எந்நிலையில் உள்ளன என்று பிரித்துப் பார்ப்பது கவர்ச்சியற்ற வேலை. ஆயினும் எந்தத் துறையின் பட்டறையிலும் தொடங்கக்கூடிய வேலை. பழைய வண்டிகள் நம் விடுதி வாசலிலேயே நிற்கின்றன. அடுத்த ஜூனுக்கு முன் உங்கள் துறைக் கூட்டத்திலும் விடுதி மன்றத்திலும் இதை ஒரு பொருளாகச் சேருங்கள். பருவமழை நாள் தவறினாலும் வராமல் இருப்பதில்லை. அதை எதிர்பாராத இடர் என்று எழுதும் உத்தரவாதப் பத்திரத்தையும் சுற்றறிக்கையையும் இனியும் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ள வேண்டாம்.