பரந்தூர் ஏரிகளும் விமான நிலையமும்

காஞ்சிபுரம் ஜில்லா பரந்தூரில் சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் அமைக்கப்படுமென்று 2022 ஆகஸ்டில் சர்க்கார் அறிவித்தனர். பல கிராமங்களில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பூமி இதற்குத் தேவையாம். ஏகனாபுரத்து ஜனங்கள் கிராம சபையில் திரும்பத் திரும்ப ஆட்சேபத் தீர்மானம் நிறைவேற்றியும், 2025 ஏப்ரலில் மத்திய சர்க்கார் கொள்கையளவில் சம்மதமளித்து விட்டனர்.

ஓடுபாதைக்கு ஒரு கணக்கு, ரஸ்தாவுக்கு ஒரு கணக்கு, பின்னர் எழும் கிடங்குகளுக்கும் குடியிருப்புகளுக்கும் வேறு கணக்கு என்று பார்த்தால் ஒவ்வொன்றின் தீங்கும் அற்பமாகவே தோன்றும். ஆனால் இவையனைத்துக்கும் குடிநீரும் சாக்கடையும் ஆஸ்பத்திரியும் அளிக்க வேண்டியது அதே ஜில்லாவன்றோ? மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பவர் யார்? ஏரி என்பது பாசனத்துக்கு மட்டுமன்று. மழை வெள்ளத்தைத் தாங்குவதும், சுற்றிலுமுள்ள கிணறுகளுக்கு ஊற்றளிப்பதும் அதுவே. அதைத் தூர்த்துவிட்டு அவ்வேலைக்குக் கால்வாயும் குழாயும் போடும் செலவு எவர் தலையில் விழும்?

மீனம்பாக்கத்தில் அடையாற்றின் குறுக்கே பாலமிட்டு இரண்டாவது ஓடுபாதையை நீட்டினர். 2015 டிசம்பரில் வெள்ளம் புகுந்து அந்நிலையமே சில நாட்கள் மூடிக் கிடந்தது. வெள்ளத்துக்கு அப்பாலம் ஒன்றே காரணமென்று நாம் கூறவில்லை. நீர் தன் வழியை மறப்பதில்லை என்பதையே சொல்லுகிறோம்.

பரந்தூர் ஏரிகளில் கை வைக்குமுன், தண்ணீர், வடிகால், சுகாதாரம் எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கைத் தமிழில் அச்சிட்டு, அந்தக் கிராமங்களின் சபைகள் முன் மட்டுமல்ல, நீர்ப்போக்கில் கீழேயுள்ள கிராமங்களின் சபைகள் முன்பும் சர்க்கார் வைக்க வேண்டும்.