விளங்காத தாளில் இட்ட ஒப்பம்

உப்புக்குளத்து உழைப்பாளி ஒருவர் உயிருக்குப் போராடும் நிலையில் மன்னாரிலிருந்து வெளிமாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுகிறார் என வைத்துக்கொள்வோம். நள்ளிரவில் அவர் மனைவியிடம் ஒரு தாள் நீட்டப்படுகிறது. தாளின் மொழி அம்மாது அறியாதது. நீட்டியவருக்கோ தமிழ் வராது. ஒப்பமிடச் சொல்லும் சைகை மட்டுமே விளங்குகிறது. நடுங்கும் கையால் ஒப்பமிடுகிறாள். இதற்குப் பெயர் சம்மதமா?

எழுத்தறியா உழவன் ஒரு துண்டு வயலை விற்பதானாலும், உறுதியை வாசித்து விளக்கிய பின்னரே நொத்தாரிசு அதை அத்தாட்சிப்படுத்தலாம் என்கிறது நமது நாட்டுச் சட்டம். வயலுக்குள்ள காவல் உயிருக்கு இல்லையா?

உயிர் போகும் அவசரத்தில் வைத்தியர் ஒப்பத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் அவசரம் என்ற போர்வையை எல்லாவற்றின் மேலும் போர்த்தலாகாது. மயக்கத்திலிருந்த பெண்ணொருத்தியின் கருப்பையை, தாயின் சம்மதத்தை மட்டும் பெற்று அகற்றியது செல்லாது என்று 2008 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்தது. உயிராபத்து இல்லாதபோது அவள் விழிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்றது. அத்தீர்ப்பு நமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாதுதான். அதன் நியாயம் பாக்கு நீரிணையைக் கடக்காதா?

தமிழும் அரச கரும மொழியென 1987 இல் அரசியலமைப்பில் எழுதினார்கள். சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் பிரதேசத்திலும் அரச உத்தியோகத்தரோடு தமிழில் கருமமாற்றும் உரிமையை 1988 இன் 16 ஆம் திருத்தம் தந்தது. ஆஸ்பத்திரி வாயிலில் அவ்வுரிமையைக் கழற்றி வைக்க வேண்டுமோ?

சுகாதார அமைச்சிடம் நாம் சலுகை கேட்கவில்லை. தமிழில் அச்சிட்ட சம்மதப் பத்திரம், இரவிலும் கடமையிலிருக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர், சிகிச்சையின் ஆபத்தையும் மாற்று வழியையும் எடுத்துச்சொல்ல ஐந்து நிமிடம்: இவற்றையே கேட்கிறோம்.