படத்தின் பின்பக்கம்

எங்கள் கடலூர் மாவட்டத்தின் அரிய புகைப்படம் எது என்று கேட்டால், யாரும் பார்த்திராத ஒரு படத்தைத்தான் சொல்வேன். சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் 1823இல் பிறந்து, 1874இல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட வள்ளலாரின் படம் அது. வடலூர்ப் பக்கம் கல்லாப்பெட்டிக்கு மேலே, பூஜை மாடத்தில், பேருந்துக் கண்ணாடியில் நாம் பார்ப்பதெல்லாம் வரைந்தவை. சென்னையிலிருந்து மாசிலாமணி முதலியார் என்ற புகைப்படக்காரர் வந்து எட்டுத் தடவை எடுத்தாராம். எட்டிலும் வெள்ளாடை மட்டும் விழுந்ததாம், உருவம் விழவில்லையாம். வடலூரில் சின்னப் பிள்ளைகூட இந்தக் கதையைச் சொல்லும்.

அந்தக் காலத்தில் புழங்கியது ஈரத்தகட்டு முறை. கண்ணாடியில் பசை பூசி, வெள்ளிக் கரைசலில் முக்கி, சொட்டச் சொட்டப் பெட்டிக்குள் செருகி, ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவிவிட வேண்டும். நீல ஒளி பட்டால்தான் அந்தப் பூச்சு நன்றாக வேலை செய்யும். வெள்ளைத் துணி பளீரென்று விழும். மாநிறத் தோல் இருண்டு போகும். அற்புதத்தைப் பொய்யாக்க இதைச் சொல்லவில்லை. கூட நின்ற அன்பர்கள் தகட்டில் கண்டதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. படம் கைக்கு வராமலே அதன் கதை ஒன்றரை நூற்றாண்டு நடந்து வந்திருக்கிறது. ஆடை விழுந்த அந்தக் கண்ணாடித் தகடு ஒன்றாவது மிஞ்சியிருக்கக் கூடாதா என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன்.

பாரதிக்காவது ஐந்து படங்கள் கிடைத்திருக்கின்றன. செல்லம்மாளின் தோளில் கை வைத்து நிற்கும் படம் புதுச்சேரிக் காலத்தது. கையில் கோலோடு இருப்பது காரைக்குடியில் எடுத்தது. இரண்டுக்கும் நடுவே, 1918 நவம்பர் 20ஆம் தேதி புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் பிடிபட்டு, டிசம்பர் 14 வரை கடலூர்ச் சிறையில் இருந்த பாரதி எந்தப் படத்திலும் இல்லை. காரைக்குடிப் படத்தின் கண்களில் கடலூரைத் தேடுவது என் பழக்கம். விடுதலைப் போராளி முதுநகர் அஞ்சலையம்மாள் கதையும் அப்படித்தான். காந்தி கடலூருக்கு வந்தபோது, அஞ்சலையம்மாளைப் பார்க்கப் போலீஸ் தடை போட, அந்த அம்மாள் பர்தா அணிந்து குதிரை வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார் என்பார்கள். அந்த வண்டியை யார் படம் எடுத்தது?

பெரியவர்கள் நிலைமையே இது என்றால், நம் வீட்டுப் படங்களை என்ன சொல்ல? 2004இல் தேவனாம்பட்டினத்துக்குள் கடல் வந்தது. 2011 டிசம்பரில் தானே புயல் கூரையைப் பிய்த்தது. 2015இல் வெள்ளம். ரேஷன் கார்டுக்கும் பட்டாவுக்கும் மனுப் போட்டு நகல் வாங்கலாம். கல்யாணப் படத்துக்கு எந்த அலுவலகத்தில் மனுப் போடுவது? நனைந்த படம் சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கப் போனால் முகம் கண்ணாடியோடு போய்விடும். பிரிக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே நல்ல வெளிச்சத்தில் வைத்துக் கைப்பேசியில் எடுத்து வையுங்கள்.

போன மாதம் பரங்கிப்பேட்டையில் உறவுக்காரப் பெரியம்மா ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். சிதம்பரத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படம், கூடத்துச் சுவரில். திரையில் வரைந்த படிக்கட்டு, முக்காலியில் பிளாஸ்டிக் பூ, இரட்டைச் சடை போட்ட சிறுமி. சின்ன வயசுப் பெரியம்மா என்று பேரப்பிள்ளைகள் வரை எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த படம். பெரியம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது நான் இல்லப்பா. எங்க அக்கா. அந்த வருஷமே அம்மை போட்டுப் போயிட்டா. எனக்குப் படமே எடுக்கல."

"இத்தனை நாளா ஏன் பெரியம்மா சொல்லல?"

"யாரு கேட்டீங்க?"

ஆணியிலிருந்து சட்டத்தைக் கழற்றினோம். பின்னட்டையைப் பிரித்ததும் செல்லரித்த தூள் மடியில் கொட்டியது. பேனா மை ஊறும் என்று பென்சில் கேட்டேன். பேரன் பள்ளிக்கூடப் பையிலிருந்து எடுத்து வந்தான். அக்கா பெயரைப் பெரியம்மா எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்ல, அவன்தான் எழுதினான்.