கப்பல் ஒன்று, சுவர் வேறா?

லண்டன் டவர் ஹில்லில் உள்ள வணிகக் கப்பல் மாலுமிகளின் நினைவிடத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு,

நான் தூத்துக்குடிக்காரன். இருபத்தாறு வருடம் சரக்குக் கப்பல்களின் என்ஜின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகளைப் பார்க்க லண்டன் வந்த இடத்தில், போன வாரம் உங்கள் நினைவிடத்துக்கும் வந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படியிறங்கினேன். உடல்கூடக் கிடைக்காமல் கடலோடு போனவர்களுக்கு அங்குள்ள வெண்கலப் பலகைதானே கல்லறை.

இரண்டாம் உலகப் போரில் இறந்த ஏறக்குறைய 24,000 பேரின் பெயர்கள் அந்தத் தாழ்ந்த தோட்டத்துச் சுவர்களில் இருக்கின்றன. கப்பல் கப்பலாகப் பிரித்து, கேப்டன் பெயரை முதலில் வைத்து எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. கப்பலில் ஒன்றாக இருந்தவர்கள் சுவரிலும் ஒன்றாக இருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

'சிட்டி ஆஃப் பெனாரஸ்' பலகையைத் தேடிப் போனேன். காசியின் பெயர் வைத்த கப்பல். குண்டுவீச்சுக்குப் பயந்து கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 பிள்ளைகள் அதில் இருந்தார்கள். 1940 செப்டம்பர் 17 இரவு அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கி அதை அடித்தது. பிள்ளைகளில் 77 பேர் போய்விட்டார்கள். கப்பல் ஊழியர்களில் பெரும்பாலோர் லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட இந்திய மாலுமிகள். 12ஆம் எண் உயிர்காப்புப் படகில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் எட்டு நாள் மிதந்தார்கள். ஆறு சிறுவர்கள் தவிர்த்தால், அந்தப் படகிலும் பெரும்பாலோர் லஸ்கர்களே. அவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். அன்றிரவே குளிரிலும் அலையிலும் செத்த அவர்களுடைய கூட்டாளிகளின் பெயர்களைத்தான் பலகையில் தேடினேன். இல்லை.

அவை எங்கே என்று எனக்குத் தெரியும். மும்பையில் இந்திய மாலுமிகள் இல்லத்தில் ஒரு புத்தகம் இருக்கிறது. அதன் பிரதி வங்கதேசத்தின் சட்டகாங் போர்க் கல்லறையில் இருக்கிறது. இந்தியக் கடற்படையினரும் வணிகக் கப்பல் மாலுமிகளுமாக ஏறக்குறைய 6,500 பேர் அதில் அடங்கிவிட்டார்கள். ஒரே கப்பல், ஒரே டார்பிடோ, ஒரே தண்ணீர். ஒருவனுக்கு வெண்கலம், இன்னொருவனுக்கு ஏழு கடல் தாண்டி ஒரு காகிதம். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

உயிரோடு இருந்தபோதும் அவர்கள் கணக்கு தனிதான். வெள்ளை மாலுமியின் சம்பளத்தில் ஒரு சிறு பங்குதான் லஸ்கருக்கு. 1939இல் போர் தொடங்கியதும் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களை பிரிட்டிஷ் துறைமுகங்களில் சிறைக்கு அனுப்பினார்கள். கப்பல் அடிபட்டால் கடைசியாக மேலே வர முடிகிறவன், அவர்களில் பலரைப் போன்ற என்ஜின் அறைக்காரன். அந்த வெக்கையில் நின்றவன் என்பதால் சொல்கிறேன், அங்கிருந்து மேல்தளத்துக்கு எத்தனை ஏணி என்று கால்களுக்குத் தெரியும். கப்பல் பதிவேடுகளில் 'டிண்டல்' என்று எழுதப்பட்ட பதவி, எங்கள் கரையில் 'தண்டல்' என்று நாங்கள் சொல்லும் அதே சொல்தான். எங்கள் சொல்லை எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்த ஆட்களின் பெயரை எழுத மட்டும் இடமில்லாமல் போயிற்று.

முதல் உலகப் போரில் இறந்த இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று நீங்களே 2021இல் வெளியிட்ட அறிக்கை ஒப்புக்கொண்டது, மன்னிப்பும் கேட்கப்பட்டது. அது வரவேற்கத்தக்கது. ஆனால் என் கேள்வி இந்தப் பலகையைப் பற்றியது.

வெண்கலத்தில் புதிதாக வார்ப்பது செலவுதான். அதற்குக் காலம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், அந்த மும்பைப் புத்தகத்தின் பிரதி ஒன்றைத் தோட்டத்து வாசலில் வையுங்கள். லஸ்கர்கள் இருந்த ஒவ்வொரு கப்பலின் பலகைக்கும் அடியில், மற்றவர்கள் எத்தனை பேர், பெயர்கள் எந்தப் பக்கத்தில் என்று ஒரு வரி எழுதுங்கள். நினைவிடத்திலிருந்து வொயிட்சாப்பல் நடக்கிற தூரம். சில்ஹெட்டிலிருந்து கப்பலேறி வந்த லஸ்கர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே வாழ்கிறார்கள். தாத்தாவின் பெயரைத் தொட்டுப் பார்க்க அவர்கள் சட்டகாங் வரை போக வேண்டியிருக்கிறது.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற ஒரு என்ஜின் அறை ஊழியன்